தகுதியும் சார்பும்

தமிழ்த்துறையினர்க்குக் கணிப்பொறியோடு என்ன உறவு என்று வினவுவார் உளர். உறவு உண்டோ இல்லையோ, கணிப்பொறித் துறை மாணவர்கள் நம்மைத் தேடி வருவது நின்றபாடில்லை. விண்ணப்பத்தில் ஒற்றுப்பிழை பார்க்கச் சொல்லி ஒருவர் வருவார். பட்டிமன்றத்துக்குத் தலைப்புக் கேட்டு மற்றொருவர் வருவார். சில ஆண்டுகட்கு முன்னர் ஒரு பிற்பகலில், முதுகலை இறுதியாண்டு மாணவர் ஒருவர் நாற்பது பக்கக் கட்டுரையொன்றை நம் மேசைமீது வைத்தார். "ஐயா, அறிவியல் தமிழ்க் கருத்தரங்குக்கு அனுப்ப வேண்டும். மொழிப்பிழை மட்டும் பார்த்துக் கொடுத்தால் போதும்" என்றார். 'மட்டும்' என்னும் சொல்லை அவர் சற்று அழுத்தியே சொன்னார்.

கம்பியில்லா வலையமைப்பின் நெறிமுறைகளைப் படிமலர்ச்சிக் கணிப்பால் மேம்படுத்துவது பற்றிய கட்டுரை அது. தலைப்பைப் படித்தவுடனேயே நமக்கு மூச்சு வாங்கியது. பரிணாமம் என்பதா, கூர்தல் என்பதா, படிமலர்ச்சி என்பதா என்று கலைச்சொல் வழக்கைத் தொடங்கி அரைமணி நேரத்தைக் கழித்தோம். அது நமக்குத் தெரிந்த களம். ஆகவே அங்கேயே நின்றுகொண்டோம் எனலாம். மாணவரோ பொறுமையாளர். சொல் எதுவாயினும் பொருளை முதலில் கேளுங்கள் என்று கூறி, ஒரு வெள்ளைத்தாளை எடுத்துப் பத்துப் புள்ளிகளை வரைந்தார்.

அவர் கூறியதை நாம் விளங்கிக்கொண்ட அளவில் ஈண்டுத் தருகிறோம்.

கம்பியில்லாத் தொடர்பில் வான்வெளி என்பது ஊர்ப்பொதுக் கிணறு போன்றது. எல்லார்க்கும் உரியது; ஆனால் ஒரு வாளிதான் இறங்கும். ஒரே அலைவரிசையில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டு பேச்சும் குழம்பிப் பாழாகும். யார் எப்பொழுது பேசுவது என்பதற்கு ஒரு முறை வேண்டும், அம்முறையே நெறிமுறை. இத்துறையின் தொட்டில் அவாய்த் தீவுகள் ஆகும். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய நார்மன் ஆப்ராம்சன் தலைமையில் 1971ஆம் ஆண்டு அலோகா என்னும் வலையமைப்பு இயங்கத் தொடங்கிற்று. அலோகா என்பது அத்தீவினர் வாழ்த்தாகவும் அன்பாகவும் வழங்கும் சொல். தீவுகளுக்கிடையே கடல் கிடந்தமையால் கம்பி இழுப்பது எளிதன்று. வானொலி அலையே வழி. அவ்வமைப்பின் விதி நம்மூர்த் திண்ணைப் பேச்சின் விதியே. சொல்ல வேண்டியது உண்டானால் சொல்லிவிடு. பெற்றுக்கொண்டதாக மறுமொழி வாராவிடில், தோன்றிய அளவு நேரம் காத்திருந்து மீண்டும் சொல்.

இவ்வளவு எளிய விதிக்கு ஒரு விலை உண்டு. எல்லாரும் இவ்வாறு நடந்தால் வான்வெளியின் கொள்ளளவில் மிகுதியாகப் போனால் 18.4 விழுக்காடே பயன்படும். நேரத்தைச் சம துண்டுகளாக வகுத்து, துண்டின் தொடக்கத்தில் மட்டுமே பேசலாம் என்று கட்டுப்படுத்தினால் அது இரட்டித்து 36.8 விழுக்காடாகும். 1972இல் லாரன்ஸ் ராபர்ட்ஸ் காட்டிய வழி இது. எஞ்சியது மோதலிலும் மௌனத்திலும் கழியும். இன்று வீட்டுக்கு வீடு உள்ள வைஃபை, 1997இல் வெளிவந்த 802.11 தரத்தின் வழித்தோன்றல். அது பேசுமுன் செவிசாய்த்துக் கேட்கும். மோதல் நேர்ந்தால் காத்திருப்பின் எல்லையை 31, 63, 127 என்று இரட்டித்துக்கொண்டே போய் 1023இல் நிறுத்தும் என்பது அத்தரத்தின் தொடக்கக்கால முறைகளுள் ஒன்று. வென்றவர் உடனே சிறிய எல்லைக்குத் திரும்பிவிடுவார். தோற்றவர் பெரிய எல்லையிலேயே காத்துக் கிடப்பார். அடுத்த சுற்றிலும் யார் முந்துவார் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? இதனை மாணவர் போகிற போக்கில் சொன்னார். நாமும் போகிற போக்கில் கேட்டுக்கொண்டோம். பின்னர்த்தான் அது நினைவுக்கு வந்தது.

இந்த எண்களை யார் முடிவு செய்வது? வல்லுநர் அமர்ந்து கணக்கிட்டு முடிவு செய்வர். அதற்கு மாறாக, இயற்கை செய்வதுபோல் எண்களையே இனம்பெருக்கச் செய்து, நல்லவற்றைத் தேர்ந்துகொண்டால் என்ன என்பதே படிமலர்ச்சிக் கணிப்பின் வினா. 1960களில் மேற்குப் பெர்லினில் இங்கோ ரெக்கன்பெர்க் என்பார் காற்றுச் சுரங்கத்தில் மடிப்புத் தகடொன்றை வைத்து, மடிப்புகளின் கோணங்களைக் குருட்டுவாக்கில் மாற்றி, இழுவை குறைந்தால் மாற்றத்தை வைத்துக்கொள்வதும் கூடினால் தள்ளிவிடுவதுமாகச் செய்து பார்த்தார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜான் ஹாலந்து 1975இல் வெளியிட்ட நூலால் மரபியல் படிமுறை என்பது ஒரு தனித்துறையாகவே நிலைபெற்றது.

நம் மாணவர் செய்தது இதுதான். பத்து நிலையங்கள். ஒவ்வொரு நேரத்துண்டிலும் ஒவ்வொரு நிலையமும் எவ்வளவு நிகழ்தகவோடு வாய் திறக்கலாம் என்பதற்கு ஓர் எண். ஒவ்வோர் எண்ணுக்கும் எட்டு இருமக் குறிகள்; ஆக எண்பது குறிகள் கொண்ட ஒரு சரம். அச்சரமே ஓர் உயிரின் குரோமோசோம் போன்றது. சாத்தியமான சரங்கள் ஒன்றன்பின் இருபத்து நான்கு சுழியங்கள் இட்டாலும் அடங்காதவை. எல்லாவற்றையும் சோதிக்க ஒரு யுகம் போதாது. ஆகவே அறுபது சரங்களைக் குருட்டுவாக்கில் படைத்து, ஒவ்வொன்றையும் கணிப்பொறிக்குள் ஆயிரம் நேரத்துண்டுகள் ஓடவிட்டு, எத்தனைப் பொட்டலங்கள் போய்ச் சேர்ந்தன என்று எண்ணினார். மிகுதியாகச் சேர்த்தவை பெற்றோராயின. இரு பெற்றோரின் சரங்களை நடுவே வெட்டி மாற்றி ஒட்டுவது குறுக்கேற்றம். எங்கேனும் ஒரு குறியைப் புரட்டிவிடுவது திடீர் மாற்றம். இவ்வாறு நூறு தலைமுறை ஓடிற்று. முதல் தலைமுறையின் சிறந்த சரங்களுமே சில பொட்டலங்களைத்தான் சேர்த்தன. பின்னர் 36ஐத் தாண்டி, 60ஐத் தாண்டி, நூறாவது தலைமுறையில் 97 விழுக்காடு. கட்டுரையின் முடிவுரை இந்த 97ஐத் தடித்த எழுத்தில் தாங்கி நின்றது. அவருடைய வழிகாட்டிப் பேராசிரியர் பெருமகிழ்ச்சி அடைந்தாராம், அடையாமல் இருப்பாரா?

நாம் மொழிப்பிழை மட்டும் பார்க்கத் தொடங்கினோம். பன்னிரண்டாம் பக்கத்தில் 'தகுதிச் சார்பு' என்றொரு தொடர் வந்தது. சிவப்பு மையால் அடிக்கோடிட்டு, 'இது குற்றம். தகுதியும் சார்பும் ஒருங்கு நில்லா' என்று ஓரத்தில் எழுதினோம். மறுநாள் மாணவர் சிரித்துக்கொண்டே விளக்கினார். கணிதத்தில் ஓர் அளவு மற்றோர் அளவைச் சார்ந்து மாறுவதைச் சார்பு என்பர். பள்ளிப் பாடநூலிலேயே உள்ள சொல். ஒரு சரம் எவ்வளவு நன்று என்பதை அளந்து சொல்லும் கணக்குத்தான் தகுதிச் சார்பு. நாம் நாணினோம். எனினும் முப்பதாண்டு தமிழ் பயிற்றிய வாய் சும்மா இராது. "தம்பி, திருக்குறளில் நடுவு நிலைமை அதிகாரத்தின் முதற்குறளில் தகுதி என்ற சொல் வருகிறது. அதற்குப் பரிமேலழகர் எழுதிய பொருள் என்ன தெரியுமா? நடுவுநிலைமை என்பதே. பகைவர், அயலார், நண்பர் என்னும் முத்திறத்தாரிடத்தும் ஒப்ப நிற்பது. உன் தகுதி அப்படிப்பட்டதா?" என்றோம். அறிவாராய்ச்சியாகக் கேட்டதன்று, தோற்ற வாதத்தில் ஒரு புள்ளியேனும் மீட்கலாமே என்று கேட்டது. தொடர்ந்து, ஏதேனும் கேட்கவேண்டுமே என்று, "இந்த 97இல் பத்துப் பேர்க்கும் பங்கு எவ்வளவு?" என்றும் கேட்டுவைத்தோம்.

அவர் விடை சொல்லவில்லை. மொத்தத்தை மட்டுமே எண்ணியிருந்தார், பங்கை எண்ணவில்லை. மடிக்கணினியைத் திறந்து நம் மேசையிலேயே வெற்றிபெற்ற சரத்தைப் பிரித்துப் படித்தார். நான்காம் நிலையத்தின் எண் ஏறக்குறைய ஒன்று. ஏனைய ஒன்பதின் எண்ணும் சுழியம், அல்லது சுழியத்தை ஒட்டியது. ஒருவன் ஓயாது பேச, ஒன்பதின்மர் வாய்பொத்தி நின்றனர். மோதலே இல்லை, ஆகவே 97.

அவர் முகம் வாடியதைக் கண்டோம். நம் குறும்புக் கேள்வி இவ்வாறு பலிக்கும் என்று நாம் எதிர்பார்க்கவில்லை. கருத்தரங்குக்கு எட்டு நாள்களே இருந்தன. சற்று நேரங்கழித்து அவரே சொன்னார்: "ஐயா, இதற்கு மரபியல் படிமுறையே வேண்டியதில்லை. பென்சிலும் தாளும் இருந்தால் போதும். மொத்தத்தைப் பெருக்கு என்றால் ஒருவனை மட்டும் பேசவிடு என்பதே கணக்கின் விடை. நூறு தலைமுறை ஓடவிட்டு அந்த விடையைத்தான் கண்டுபிடித்திருக்கிறேன்."

அவரைத் தேற்றுவதற்காக எதையோ சொல்ல முயன்றோம். ஆனால் நமக்கு வேறொன்று நினைவுக்கு வந்து நாவைக் கட்டியது. முன்னர்ப் பணியாற்றிய கல்லூரி ஒன்றில், தேர்ச்சி விழுக்காட்டை உயர்த்த வேண்டும் என்று ஓராண்டு நெருக்கடி வந்தது. முப்பதுக்கும் நாற்பதுக்கும் இடையே எடுப்பவர்களைப் பிரித்தெடுத்து மாலை வகுப்பு நடத்தினோம். பத்தும் பதினைந்தும் எடுத்தவர்களை அழைக்கவில்லை. அவர்களால் விழுக்காடு ஏறாது என்பதே காரணம். விழுக்காடு ஏறிற்று. பாராட்டும் வந்தது. அந்தப் பதினைந்து மதிப்பெண் மாணவர் ஒருவர் வகுப்பறை வாசலில் நின்று, எனக்கு வகுப்பு உண்டா என்று கேட்டதும், நாம் இல்லை என்று தலையசைத்ததும் இன்றும் மறக்கவில்லை. அன்று நாமும் ஒரு தகுதிச் சார்பு எழுதித்தான் வைத்திருந்தோம் போலும்.

இத்துறையில் பெரியோர் கண்ட வெற்றிகளும் உண்டு என்று மாணவர் அடுத்த சில நாள்களில் எடுத்துரைத்தார். நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தார் இம்முறையால் ஓர் அலைவாங்கியை உருவாக்கினர். வளைத்துப் போட்ட காகித ஊக்குப் போன்ற கோணல் வடிவம். எந்தப் பொறியாளரும் வரையத் துணியாத வடிவம். திட்டத்தின் நடுவே சுற்றுப்பாதை மாறியபோது, புதிய தேவையைக் கொடுத்து மீண்டும் இனம்பெருக்கிச் சில வாரங்களிலேயே புதிய வடிவத்தைப் பெற்றனர். 2006 மார்ச்சு 22ஆம் நாள் செலுத்தப்பட்ட எஸ்.டி.5 என்னும் மூன்று சிறு செயற்கைக்கோள்களில் அது விண்ணுக்குச் சென்றது.

நம்மைப் பெரிதும் ஈர்த்தது வேறொரு செய்தி. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் தாம்சன் 1990களின் நடுவில் ஒரு சில்லின் நூறு சிற்றறைகளை மட்டும் கொடுத்து, இரண்டு ஒலிகளைப் பிரித்தறியும் சுற்றைப் படிமலரச் செய்தார். கடிகாரத் துடிப்பு ஒன்றையும் அவர் தரவில்லை. ஆயிரக்கணக்கான தலைமுறைக்குப்பின் சுற்று வேலை செய்தது. பிரித்துப் பார்த்தபோது, வெளியீட்டோடு எவ்வித இணைப்பும் இல்லாத சில சிற்றறைகள் இருந்தன. பயனற்றவை என்று அவற்றை முடக்கினால் சுற்றுக் கெட்டது. அந்தச் சில்லுக்கே உரிய ஏதோ ஓர் இயல்பைப் படிமலர்ச்சி பயன்படுத்திக்கொண்டது. வெப்பநிலை வெகுவாக மாறினாலும், வேறு இடத்தில் அமைத்தாலும் அது தடுமாறியது. கொடுத்ததை எல்லாம் பயன்படுத்தும், கொடாததை அறியாது. கணிப்பொறிக்குள் பாவனையாக ஓடும் வலையமைப்பில் வளர்ந்த நெறிமுறையை மழையும் மரமும் சுவரும் உள்ள உலகில் இறக்கினால் நேர்வதும் இதுவே என்றார் மாணவர்.

உணரிகளின் வலையமைப்பிலும் இதே சிக்கல் வேறு உருவில் வருகிறது. வயலிலோ காட்டிலோ சிறு உணரிகளை மின்கலத்தோடு பரப்பிவிட்டால், அவற்றுள் சில தலைவராகி ஏனையோர் செய்தியைத் தொகுத்து நெடுந்தொலைவு அனுப்ப வேண்டும். தலைவரின் மின்கலம் விரைவில் தீர்ந்துவிடும். தலைமையைச் சுழற்சியில் விடும் லீச் என்னும் நெறிமுறையை 2000ஆம் ஆண்டு மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் மூவர் வெளியிட்டனர். அம்மூவருள் ஒருவர் சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற ஹரி பாலகிருஷ்ணன். தலைவரை யார் யாராக அமர்த்துவது என்பதை மரபியல் படிமுறையிடம் ஒப்படைத்த ஆய்வுகள் அதன்பின் ஏராளம். அவற்றைப் புரட்டிப் பார்த்தால், வலையமைப்பின் ஆயுள் என்பதற்கே பல அளவுகோல்கள். முதல் உணரி மடியும் நாள் என்பர் சிலர். பாதி மடியும் நாள் என்பர் சிலர். கடைசி உணரி மடியும் நாள் என்பாரும் உண்டு. ஒன்றில் வென்றது மற்றொன்றில் தோற்கும். அட்டவணையில் எது அச்சேறுகிறது என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

மாணவர் எட்டு நாளில் தம் கணக்கை மாற்றினார். பத்து நிலையங்களின் பங்குகளைக் கூட்டுவதற்கு மாறாகப் பெருக்கினார். எவ்வளவு எளிது பாருங்கள்! பத்தில் ஒருவர்க்குச் சுழியம் ஆனாலும் பெருக்கல் முழுவதும் சுழியம். இத்தகைய அளவுக்கு வலையமைப்புக் கணக்கில் முறையான கோட்பாடே உண்டாம். பங்குகளின் மடக்கைகளைக் கூட்டுவதும் இதுவும் ஒன்றே என்றார். ஆனால் முதல் ஓட்டத்திலேயே சிக்கல். குருட்டுவாக்கில் படைத்த சரங்களில் எல்லா நிலையங்களும் அடிக்கடி பேசின, எங்கும் மோதல், ஒவ்வொரு சரத்திலும் யாரேனும் ஒருவர்க்குச் சுழியம். அறுபது சரங்களுக்கும் தகுதி சுழியமானால் யாரைப் பெற்றோராகத் தேர்வது? ஓரிரவு முழுதும் திகைத்துவிட்டு, தொடக்கத்தில் எந்த நிலையமும் கால் பங்குக்குமேல் வாய் திறவாதபடி வைத்தார். எல்லாரும் சற்றுக் குரல் தாழ்த்திய பின்னரே தேர்வு என்பது நடைபெற இடம் கிடைத்தது. பத்து எண்களும் மெல்ல மெல்லப் பத்தில் ஒன்றை நோக்கிச் சென்று நின்றன. தாளில் கணக்கிட்டால் வருவதும் அதுவே. மொத்தம் 38.7 விழுக்காடு. ஒவ்வொருவர்க்கும் ஏறத்தாழ 3.9.

97 போய் 38 ஆயிற்று. இதைக் கொண்டுபோய்க் கருத்தரங்கில் எப்படி வைப்பது என்று வழிகாட்டி தயங்கினார். நாமும் தயங்கினோம் என்பதை மறைப்பதற்கில்லை. மாணவர் தயங்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு. அதை அவர் கடைசி நாளில்தான் கூறினார். அவர் கடற்கரையூரினர். வாப்பா விசைப்படகில் செல்பவர். படகுகளில் வி.எச்.எஃப். கருவி உண்டு. ஒரே அலைவரிசையில் இருவர் அழைத்தால் இருவருடையதும் குழம்புவதில்லை. வலுத்த அலை மெலிந்த அலையை விழுங்கிவிடும். கரைக்கு அருகில் உள்ளவன் மீன்விலை கேட்பது காதில் விழும். தொலைவில் பொறி பழுதாகி நிற்பவன் அழைப்பது விழாது. அதனினும் கொடிது, தன் குரல் விழவில்லை என்பதே அவனுக்குத் தெரியாது. ஒருமுறை வாப்பாவின் படகு அவ்வாறு ஓரிரவு முழுதும் அழைத்துக்கொண்டே நின்றதாம். அதன்பின் அவ்வூர்ப் படகுக்காரர்கள் தமக்குள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டனர். பேசி முடித்தவர் பொத்தானை விட்டுவிட்டுச் சிறிது நேரம் வாளாவிருக்க வேண்டும். அருகில் இருப்பவர் நெடுநேரம் இருக்க வேண்டும்.

அந்த வழக்கத்தையே மாணவர் தம் சரத்தில் ஒரு கூறாகச் சேர்த்தார். வென்ற நிலையம் எத்தனை நேரத்துண்டு மௌனம் காப்பது என்பது இனிப் படிமலர்ச்சியே முடிவு செய்யவேண்டிய எண். நிலையங்களையும் சமதொலைவில் வையாது, சில அருகிலும் சில தொலைவிலுமாக வைத்து, வலுத்தது மெலிந்ததை விழுங்கும் என்ற விதியையும் எழுதினார். இங்கே பென்சிலும் தாளும் உதவா. மரபியல் படிமுறைக்கு உண்மையான வேலை வந்தது. அருகில் உள்ள நிலையங்களின் மௌனம் தலைமுறைதோறும் நீண்டது. கடற்கரையூர்க்காரர்கள் ஓரிரவின் துன்பத்தில் கண்டதை அது எண்பது தலைமுறையில் கண்டது என்று கட்டுரையில் எழுதியிருந்தார். அந்த வரியில் மொழிப்பிழை ஏதும் இல்லை. நாம் கை வைக்கவில்லை. 'தகுதிச் சார்பு' என்ற தொடரின் அருகில் எழுதிய சிவப்புக் குறிப்பையும் அடித்துவிட்டோம்.

கருத்தரங்கில் நடுவர் ஒருவர், பிறர் 90க்கு மேல் காட்டும்போது உம்முடையது இவ்வளவு தாழ்வாக இருப்பது ஏன் என்று வினவினார். மாணவர் பத்து வரிகள் கொண்ட அட்டவணையைத் திரையில் காட்டினார். மணி அடித்துவிட்டது. பரிசு வேறொருவர்க்குச் சென்றது.

பட்டமளிப்பு நாளன்று அவர் தம் வாப்பாவைத் துறைக்கு அழைத்து வந்தார். உப்புக்காற்றில் கறுத்த முகம்; கூச்சத்தோடு நாற்காலியின் நுனியில் அமர்ந்தார். அச்சான கட்டுரையை விரித்து அட்டவணையைக் காட்டினோம். வரிசையாகப் பத்து எண்கள். அவர் விரலை ஒவ்வொன்றாக நகர்த்திக் கடைசி வரியில் நிறுத்தி, "தூரத்துல கிடக்குறது இதுவா தம்பி?" என்று மகனைக் கேட்டார். ஆம் என்றார் மகன். "எத்தனை வாட்டி கேட்டுச்சு?" என்றார் அவர்.